நாலு மணிக்குக் கிளம்புகிறவர்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் நலம் என்று நம்புகிறேன் என எழுதினால், "நம்பச் சொல்லி யார் கேட்டது?" என்பீர்கள். அதனால் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.

போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அனுப்பிய மின்னஞ்சல்கள் போன இடம் தெரியவில்லை. தபால்காரரைத் தடுக்க உங்களால்கூட முடியாது என்பதால் பேனாவை எடுத்தேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கையொப்பம் போடுவதைத் தவிர இங்கே பேனாவுக்கு வேறு வேலை கிடையாது.

உங்கள் மாப்பிள்ளை நலம். உங்கள் மருமகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "மாமாவுக்கும் விழுந்துடுச்சா?" என்று கேட்கிறாள். ஒருமுறை போட்டோவில் நீங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அந்தச் சந்தேகம்.

விஷயத்துக்கு வருகிறேன். சுண்ணாம்பு சாரின் ஆய்வகத்தில் நாம் சேர்ந்து செய்த மருந்து உருண்டைகளை நான் இன்னும் விடவில்லை. (அவர் கோட்டுக் கையில் இப்போதும் சாக்பீஸ் பொடி ஒட்டியிருக்கிறதாம். நாம் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.) அந்த முறையை நான் இப்போது இருக்கிற இந்த மருந்து நிறுவனம் எடுத்துக்கொண்டபோது கூடவே நானும் வந்தேன். குழுவின் முன்னால் அதை எப்படி விளக்கினேன் தெரியுமா? "ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் பாலிமர் இழைகள். அசிட்டோனில் மருந்தோடு சேர்த்துக் கரைத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், மழை வந்ததும் ஜனங்கள் கடை வாசலில் ஒண்டுகிற மாதிரி, ஒதுங்கும் முனைகள் மருந்தையும் இழுத்துக்கொண்டு உள்ளே கூடிவிடும். மற்ற முனைகள் வெளியே வேலி கட்டி நிற்கும். யாரும் பிடித்து உருட்ட வேண்டாம். தானாக உருண்டையாகும்." உங்கள் வாக்கியம்தான். திருடிவிட்டேன்.

சிக்கல் இதுதான். உருண்டைகள் உருவாகின்றன, அளவும் சரி. ஆனால் மருந்தைப் பிடித்து வைப்பதில்லை. ஒரு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய வேண்டியதில் பாதி, முதல் நாளே வெளியே வந்துவிடுகிறது. ஒரே நாளில் அவ்வளவும் உடம்பில் இறங்கினால் அது மருந்து இல்லை, விஷம். பழைய ஆய்வகத்தில் நீங்கள் செய்து கொடுத்தவை அத்தனையும் மருந்தைப் பிடித்து வைத்தன. அதே பாலிமர், அதே மருந்து, எழுதி வைத்த அதே முறை. உங்கள் கை மட்டும் இங்கே இல்லை.

எங்கள் கட்டடத்துக்கு எதிரே ஒரு மருத்துவமனை. ஊசி போடும் அறைக்கு வெளியே காலையிலேயே நாற்காலிகள் நிறைந்துவிடும். தினமும் அதே முகங்கள். மாதத்துக்கு ஒரு ஊசி போதும் என்று ஆகிவிட்டால் அவர்கள் வீட்டில் இருக்கலாம். ஜூன் மாதக் கூட்டத்துக்குள் நான் இதைச் சரிசெய்யாவிட்டால் வேலையையே மூடிவிடுவார்கள். நீங்கள் அப்போது என்னதான் செய்தீர்கள் அண்ணா?

அன்புடன்,
வால்
(உங்கள் பின்னாலேயே சுற்றியதால் நீங்கள் வைத்த பெயர். வேறு யாரும் கூப்பிடுவதில்லை.)


ஜனவரி 21

மதிப்பிற்குரிய ஆய்வுப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முதுகுவலி நலம். என்னை விட்டுப் போகாமல் கூடவே இருப்பது அது ஒன்றுதான்.

வாக்கியத்தைத் திருடியதாக எழுதியிருக்கிறீர்கள். மற்றவற்றைப் பற்றி எழுதவில்லை. பரவாயில்லை, எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தாங்கள் தவறான முகவரிக்கு எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். உருண்டைகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையில் முதல் பெயர் தங்களுடையது. என் பெயர் வேண்டுமென்றால் கடைசிப் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே பொடி எழுத்தில் நன்றி அறிவிப்பு இருக்கிறது. குளிர்சாதனத்தைப் பழுதுபார்த்தவருக்கு நன்றி; அவருக்கு அடுத்து, "கண்ணாடிப் பாத்திர உதவிக்காக" எனக்கு நன்றி. ஆகவே பாத்திரம் கழுவுவதில் ஏதும் சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேட்கவும். உருண்டைகள் பற்றிய சந்தேகங்களை அதை எழுதியவர்களிடம் கேட்பதுதான் முறை.

என் செய்திகள் அதிகம் இல்லை. இந்தக் கல்லூரியில் செய்முறை வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். மாணவர்கள் ப்யூரெட் கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டு, வாங்கும்போதே விரிசல் இருந்தது என்பார்கள். என் அறை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். கல்லூரி முதல்வரின் மைத்துனன் கேட்ட மதிப்பெண்ணை நான் ஒருமுறை போடவில்லை, அன்றிலிருந்து ஜெனரேட்டர்தான். அவரும் அதை மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. இந்தக் கல்லூரியில் எனக்கு ஒருவரோடு ஒற்றுமை என்றால் அது அவரோடுதான்.

மருமகளிடம் சொல்லவும்: மாமாவுக்கு ஒரு கடைவாய்ப்பல் போயிற்று. அது முளைக்காது.

இப்படிக்கு,
கண்ணாடிப் பாத்திர உதவி


பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

திட்டுவதற்காகவாவது எழுதினீர்களே. கடிதத்தை உங்கள் மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். "பதில் போட்டுட்டாரு இல்ல, பாதிக் கோபம் போயிடுச்சுன்னு அர்த்தம்" என்றார். பாவம், அவருக்கு உங்களைத் தெரியாது.

அந்த நன்றி வரியை எழுதியது சுண்ணாம்பு சார். நான் அச்சில்தான் பார்த்தேன். பார்த்த பிறகும் வாய் திறக்கவில்லை என்பதும் உண்மை. ஏன் என்று எழுதிவிடுகிறேன், உங்களிடம் மழுப்பினால் நடக்காது.

அந்த வருடம் அப்பா படுக்கையில் இருந்தார். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வருவார், நான் வருவதற்குள் கிளம்பிவிடுவார். நான் எட்டு மணி வரை கருவியோடு நின்று அளவெடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பால்கனியில் காயும் ஈர விரிப்பு முகத்தில் அடிக்கும். உள்ளே அப்பா சலவைச் சட்டையில், தலைவாரி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன கண்டுபிடிச்சே?" என்று கேட்பார். பக்கத்திலேயே நீங்கள் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருப்பீர்கள். சாயங்காலம் சீட்டாடப் போவதாக நீங்களே சொல்லியிருந்தீர்கள். ஆடிவிட்டு வந்து அலுப்புத் தீரப் படிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு நின்று நின்று கால் வீங்கியிருக்கும். உங்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். பிறகு அந்த நன்றி வரியைப் பார்த்தபோது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது இங்கே என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பாலிமரை வேறு இடத்தில் வாங்கிப் பார்த்தோம். தண்ணீரை மூன்று முறை சுத்திகரித்தோம். கலக்கும் வேகத்தைக் கூட்டினோம், குறைத்தோம். கையால் விட்ட சொட்டுகளை இயந்திரத்தால் விட்டோம். வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தோம். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மூன்று தடவை டீ குடித்துவிட்டு, "சுவாரசியமாக இருக்கிறது" என்று சொல்லிப் போனார். காலையில் ஆரம்பித்து, கலங்கலானதும் வேக்குவம் பம்பில் வைத்து அசிட்டோனை உறிஞ்சி எடுத்தால் மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது. சுத்தமான வேலை. ஆனால் உருண்டைகள் ஒழுகுகின்றன.

கோபத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், நான் கேட்கவில்லை. திட்டிக்கொண்டே சொன்னாலும் போதும்.

அன்புடன்,
வால்


பிப்ரவரி 17

தங்கைக்கு,

காரணத்தை எழுதியதற்கு நன்றி. எனக்கு அது பன்னிரண்டு வருடங்களாகத் தெரியும்.

கட்டுரையை அனுப்புவதற்கு முன் சுண்ணாம்பு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உன் தங்கச்சியே சொல்லுது, நீ நாலு மணிக்கெல்லாம் கிளம்பிடுறேன்னு. மத்தவங்க எட்டு மணி வரைக்கும் நிக்கிறாங்க. உன் பேரைப் போட்டா அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

தங்கச்சி என்று சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பேன். தங்கச்சியே என்றார்.

நீ சொன்னது பொய் என்றால் மறுத்திருப்பேன். நான் நாலு மணிக்குக் கிளம்பியது நிஜம். அதனால் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பா போகும்வரை உன்னோடு ஒரே வீட்டில் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு உன்னோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை.

நான் எத்தனை மணிக்குக் கிளம்பினேன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எத்தனை மணிக்கு வந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. விடிந்ததும் காவலாளியை எழுப்பிக் கதவைத் திறக்கச் சொன்னது நான். மதியத்துக்கு மேல் பாலிமரையும் மருந்தையும் கரைத்து, தண்ணீர் சொட்டிவிட்டு, பீக்கருக்குள் அந்த மெல்லிய நீலக் கலங்கல் தெரிகிற வரைக்கும் நிற்பேன். தெரிந்ததும் வடிதாளால் வாயை மூடி, ரப்பர் பேண்ட் போட்டு, தாளில் குண்டூசியால் நாலு குத்து. புகை உறிஞ்சும் அலமாரியின் மூலையில் தள்ளிவிட்டு பஸ் பிடிக்க ஓடுவேன். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வெகு நேரம் ஆகும். மறுநாள் நீங்கள் எல்லாம் சாவகாசமாக வந்து சேரும்போது, வடிகட்டி, சிறு புட்டிகளில் ஊற்றி, ஒட்டுத்தாளும் ஒட்டி உன் மேஜையில் வைத்திருப்பேன். நீ அளவெடுப்பாய். உன் பெயர் முதலில் வரும். நான் செய்ததற்குப் பெயர் கண்ணாடிப் பாத்திர உதவி.

என் கையில் மாயமந்திரம் ஏதுமில்லை. எழுதி வைத்த முறை எதுவோ அதைத்தான் நானும் செய்தேன். ஒழுகுகிறது என்றால் உங்கள் பாலிமரைப் பாருங்கள்.

இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். சுண்ணாம்பு சாரிடம் நான் அப்படிச் சொன்னேன். "அண்ணா எங்கே?" என்று கேட்டார். "அவர் நாலு மணிக்குக் கிளம்பிடுவார் சார்" என்றேன். அந்த ஒரு வரிதான். அது இவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று இப்போது எழுதுவது சுலபம். அன்றைக்கு இருந்த எரிச்சலில் சொல்லியிருப்பேனோ என்னவோ.

மூன்றாம் நாள் கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். முதல் தடவை தங்கையாகப் படித்திருந்தேன். இந்தத் தடவை வேதியியல் படித்தவளாகப் படித்தேன்.

எழுதி வைத்த முறையைத்தான் செய்ததாகச் சொல்கிறீர்கள். இல்லை அண்ணா. அதில் வேக்குவம் பம்பு இருக்கிறது. உங்கள் கடிதத்தில் பம்பே இல்லை. கலங்கல் தெரிந்ததும் மூடிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறீர்கள். மறுநாள் காலையில் வடிகட்டுகிறீர்கள். நடுவில் அந்த அசிட்டோன் எங்கே போனது? நாலு குண்டூசித் துளை வழியாக, இரவு முழுக்க, தன்பாட்டுக்குப் போயிருக்கிறது. கட்டுரையின் செய்முறைப் பகுதியை நான் ஆய்வகத்தின் பொதுக் குறிப்பைப் பார்த்து எழுதினேன். பம்பு என்று அதில் இருந்தது, நானும் பம்பு என்று எழுதினேன். நீங்கள் செய்ததை உங்களிடம் நான் கேட்கவே இல்லை.

உடனே செய்து பார்த்தோம். எங்கள் தொழில்நுட்பர் ஒருவர் இருக்கிறார். எதைச் சொன்னாலும் சந்தேகப்படுவார் என்பதால் பெயரே சந்தேகம். அவர் வடிதாளையும் குண்டூசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், இதுக்குப் பேரு ஆராய்ச்சியா? சட்டியை மூடி வெச்சுட்டு வீட்டுக்குப் போறதுக்கா நான் இவ்வளவு படிச்சேன்?"

மறுநாள் வடிகட்டி, மருந்து மட்டும் கசிந்து வெளியேறக்கூடிய சவ்வுப் பையில் ஊற்றி, உடம்புச் சூட்டில் இருக்கிற தண்ணீரில் தொங்கவிட்டோம். முதல் நாள் வெளியே வந்த மருந்து மிகக் கொஞ்சம். கருவி பழுதாகிவிட்டது என்று சொல்லி, எங்கள் சந்தேகம் இரண்டு தடவை அளந்தார். மூன்றாம் தடவை அளந்துவிட்டு ஒரு பெட்டி குண்டூசி வாங்கி வந்து அலமாரியில் வைத்தார்.

இன்னும் ஒரு மாதம் பார்க்க வேண்டும். முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன்.

வால்


மார்ச் 15

தங்கைக்கு,

திட்டிக் கடிதம் எழுதினால் அதைச் செய்முறையாகப் படிக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்.

பம்பைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அந்த ஆய்வகத்தில் இருந்தது ஒரே பம்பு. மதியத்துக்கு மேல் சீனியர் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டால் தன் தாத்தா சொத்து மாதிரி விடமாட்டான். வரிசையில் நிற்க எனக்கு நேரம் இல்லை. அசிட்டோன் போனால் சரி, எந்த வழியாகப் போனால் என்ன என்று நினைத்தேன். காலையில் முகர்ந்து பார்ப்பேன், வாசனை இருக்காது. இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அது ஒரு வேலையாகவே எனக்குப் படவில்லை. வேலை செய்ய முடியாத நேரத்தில் பீக்கரைப் போட்டு வைத்த இடம், அவ்வளவுதான்.

ஆனால் இப்போது யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. நீ திருடிய வாக்கியத்தையே எடுத்துக்கொள். மழைக்குக் கடை வாசலில் ஒண்டிய கூட்டம். ஒண்டிய மறு நிமிஷமே சுற்றிக் கயிறு கட்டி இறுக்கினால் அவரவர் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். கைக்குழந்தை வைத்திருப்பவள் ஓரத்தில் நனைந்துகொண்டிருப்பாள். பம்பு செய்வது அதுதான். கொஞ்சம் நேரம் கொடுத்தால் தாமாகவே நகர்ந்து, நெருங்கி, குழந்தையை நடுவில் விட்டு இறுகிக்கொள்வார்கள். அசிட்டோன் கொஞ்சம் மிச்சம் இருக்கும்வரைதான் இழைகளால் நகர முடியும். அது மெதுவாகப் போனால் மருந்து நடுவில் மாட்டும். வேகமாகப் போனால் ஓரத்திலேயே நின்று, முதல் நாளே வெளியே வரும்.

துளைகளைப் பெரிதாக்காதே. அலமாரியின் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் வைக்காதே, அங்கே காற்று அதிகம், மூலையில் வை. கலக்கும் காந்தத்தை நிறுத்திவிடு. பெரிய பாத்திரத்துக்குப் போகும்போது வாயின் அகலத்தைக் கணக்கில் எடு, இல்லையென்றால் ஒரு இரவு போதாது. உன் சந்தேகம் சொல்வதைக் கேள். நிபுணரை இனிமேல் கூப்பிடாதே.

இதையெல்லாம் எழுதியதால் உன்னோடு சமாதானம் ஆகிவிட்டேன் என்று உன் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம்.

உன் அண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதம் முடிந்தது. உருண்டைகள் மருந்தைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டன. ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். பாத்திர வாயைப் பற்றி நீங்கள் சொன்னதைக் கேட்காமல் ஒரு தடவை செய்தோம், அது மட்டும் கெட்டது. ஜூன் கூட்டத்துக்கு இனி பயமில்லை.

புதிய கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பெயர் முதலில். சுண்ணாம்பு சாருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "அவன் என்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். நானும் அதையேதான் கேட்கிறேன்.

ஏனென்றால் இங்கே தரக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் இருக்கிறார். செய்முறையின் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் எழுதித் தந்தால்தான் கையெழுத்துப் போடுவார். "ராத்திரி முழுக்க ஏன் விட்டு வெச்சாங்க? முதல்ல செஞ்சவர் எதுக்காக அப்படிச் செஞ்சார்?" என்று கேட்டார். பஸ்ஸைப் பிடிக்க என்றேன். "எங்க போற பஸ்?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

சீட்டாட என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நீங்கள் ஜெயித்ததாகவோ தோற்றதாகவோ ஒருநாளும் சொன்னதில்லை. யாரையும் சீட்டுக் கூட்டாளி என்று வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. நம் வீட்டில் ஒரு சீட்டுக்கட்டுகூட இருந்ததில்லை. ஒரு மதிப்பெண்ணுக்காக ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷர், சீட்டாட்டத்துக்காகத் தன் பெயரை விட்டுக்கொடுத்தார் என்பதை நான் எப்படி இத்தனை வருடம் நம்பினேன்?

நாலு மணிக்கு எங்கே போனீர்கள் அண்ணா?

வால்


ஏப்ரல் 29

தங்கைக்கு,

உருண்டைகள் பற்றிய செய்தி நல்ல செய்தி. எதிரே நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு இன்னும் நல்ல செய்தி.

தரக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு "அலட்சியம்" என்று எழுதிக் கொடு. சுண்ணாம்பிடம் அந்தக் காரணம் செல்லுபடியானது, இவரிடமும் ஆகும்.

போன இடத்தைக் கேட்காதே. சொல்ல மாட்டேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்தேன். அவர் இப்போது இல்லை. அதனால் அதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. மாணவர்கள் இல்லை. ஜெனரேட்டர் மட்டும் இருக்கிறது.

உன் அண்ணன்


மே 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

இப்போது இல்லாத ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள், அது அப்பாவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அப்பாவைப் பார்த்துக்கொண்ட அக்காவின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். அவருக்கு என் ஞாபகம் உடனே வந்துவிட்டது. அந்த நாட்களில் சாயங்காலம் எத்தனை மணி வரை நம் வீட்டில் இருப்பீர்கள் என்று கேட்டேன்.

"நாலரைக்கெல்லாம் நான் கிளம்பிடுவேம்மா. எனக்கு இன்னொரு வீட்டு வேலை இருந்துச்சு. உங்கண்ணன் வந்து செருப்பைக் கழட்டுறதுக்குள்ள நான் என் செருப்பை மாட்டிடுவேன். ஒருநாள்கூட லேட்டா வந்ததில்ல. நீ வர்றதுக்குள்ள அப்பாவைக் குளிப்பாட்டி, விரிப்பெல்லாம் அலசிப் போட்டுடணும்னு அவருக்கு அவசரம்." பிறகு அவரே, "ஏம்மா, உனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியாது என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

மாலை ஆனால் அப்பாவுக்கு உடம்பின்மேல் கட்டுப்பாடு போய்விடும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டு மணிக்கு மேல் வந்து நான் பார்த்த அப்பா, தலைவாரிய அப்பா. முகத்தில் அடித்த ஈர விரிப்பைத் தினமும் கையால் ஒதுக்கிவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறேன். பகலில் வரும் அக்கா துவைத்தது ராத்திரியிலும் ஏன் சொட்டுகிறது என்று யோசிக்கவில்லை. நாளெல்லாம் எதையாவது அளந்துகொண்டிருந்தவள் நான்.

நீங்கள் வாக்கை மீறவில்லை. நானாகத் தெரிந்துகொண்டேன். அதிகாரியிடம் "கரைப்பான் மெதுவாக நீங்கி உட்பகுதி இறுகுவதற்காக" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்ற காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் மாப்பிள்ளையிடமும்கூட.

பெயர் வரிசைக்கு உங்கள் சம்மதம் வேண்டும். முதல் பெயர் உங்களுடையது. தயவுசெய்து மறுக்காதீர்கள். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வால்


மே 16

அன்புள்ள வாலுக்கு,

அந்த அம்மாவுக்குப் பேச்சு இன்னும் குறையவில்லை என்று தெரிகிறது.

ஒருமுறை எழுதுகிறேன். அதன் பிறகு இதைப் பற்றிப் பேச வேண்டாம். முதல் நாள் அப்பாவைத் துடைத்து, சட்டை மாற்றிவிட்டு, உன்னிடமும் சொன்னால் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ பாக்க வேணாம்டா. அவ உள்ள வரும்போது நான் அவளுக்கு அப்பாவா இருக்கணும்." அப்படியானால் எனக்கு நீங்கள் யார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. சீட்டாட்டமும் அவர் யோசனைதான். "சீட்டாடப் போறேன்னு சொல்லு. உன் மூஞ்சிக்கு எல்லாரும் நம்புவாங்க" என்றார். நம்பினீர்கள்.

இதனால் கோபம் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதே. நீ கேட்டிருக்கலாம். சுண்ணாம்பிடம் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை என்னைக் கேட்டிருக்கலாம். நான் சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

பெயர் விஷயம். முதலில் போடாதே. மூன்றாவதாகப் போடு. மொத்தமாகத் தீர்த்துவிட்டால் உன்னைத் திட்ட என்னிடம் என்ன மிச்சம் இருக்கும்? குளிர்சாதனம் பழுதுபார்த்தவருக்கு முன்னால் வந்தால் போதும். இரண்டாவதாக உன் சந்தேகத்தைப் போடு. மூன்று தடவை அளந்த மனிதர்.

போனில் உன் எண்ணைத் திறந்துவிட்டேன். கூப்பிடாதே, போனில் எனக்குப் பேச வராது. ஜூன் கூட்டம் முடிந்ததும் வா. மருமகளையும் கூட்டி வா, கடைவாய்ப்பல் போன இடத்தைக் காட்டுகிறேன். நாலு மணிக்கு வா. இப்போதெல்லாம் அந்த நேரத்துக்கு நான் எங்கும் போவதில்லை.

உன் அண்ணன்